மானும் யானையும் மாடும்: காட்டின் இளங்கன்றுகள் குறித்து வாசகர் கேள்விகள்

மரநடுகை பற்றிச் சென்ற மாதம் இப்பகுதியில் எழுதியதன் பின்னர் திருகோணமலை மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விடயத்தையே கேட்டிருந்தன: நட்ட கன்றையும் தானாக முளைத்த கன்றையும் விலங்குகள் தின்றுவிட்டால் காடு எப்படிப் பிழைக்கும்? அவற்றுள் ஐந்து கடிதங்களுக்கு இம்முறை விடை எழுதுகிறேன்.

கேள்வி: பிரெட்ரிக் கோட்டைப் பக்கத்தில் எங்கள் இளைஞர் குழு மூன்று முறை மரக்கன்றுகளை நட்டது. மூன்று முறையும் மான்கள் கடித்துவிட்டன. இந்த மான்களைப் பிடித்து ஒரு பெருங்காட்டில் விட்டுவிட்டால் அவற்றுக்கும் நல்லது, மரங்களுக்கும் நல்லது அல்லவா? (திருகோணமலை நகர வாசகர்)

கடித்தது மான்தானா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். மானுக்கு மேல்தாடையில் முன்பற்கள் இல்லை. அது தளிரைக் கீழ்ப்பற்களுக்கும் மேலீறுக்கும் நடுவே பற்றி இழுத்துப் பிய்க்கும். ஆகவே வெட்டு முனை நார்நாராகக் கிழிந்திருக்கும். ஆடும் மாடும் அப்படியே. முயல் கடித்த தண்டோ கூரிய கத்தியால் சாய்வாகச் சீவியதுபோல் இருக்கும். கிழிந்த முனை தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதையும் அருகிலுள்ள எச்சத்தையும் சேர்த்துப் பார்த்தால், யார் வந்து போனார் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

அது மான்தான் என்றால், கோட்டை வாசலைக் கடந்து கோணேசர் கோயிலை நோக்கி ஏறும் வழியில் நிற்கும் ஆலமரங்களின் கீழ் ஒருமுறை நின்று, இலைகள் எந்த உயரத்தில் முடிகின்றன என்பதைக் கவனியுங்கள். தாழ்ந்த கிளைகளின் அடிப்பகுதி ஒரே மட்டத்தில் நறுக்கிவிட்டதுபோல் தெரியும். காட்டியல் அறிஞர்கள் இதனை மேய்ச்சல் கோடு என்பர். ஒரு பங்குனி மதியத்தில் அங்கே கொம்புள்ள ஆண் மான் ஒன்று பின்னங்கால்களில் எழுந்து நின்று, கழுத்தை நீட்டி, எட்டாத ஒரு கொத்தை மூன்றாவது முயற்சியில் பற்றி இழுத்ததைப் பார்த்தேன். உதிர்ந்த இலைகளுக்காக இரண்டு பிணைகளும் ஒரு குட்டியும் ஓடி வந்தன. அந்தக் கோட்டுக்குக் கீழே உண்ணத்தக்க பசுமை எதுவும் மிஞ்சாத இடத்தில் நீங்கள் நடும் கன்று, பசித்தவர் முன்னால் வைத்த உணவு அல்லாமல் வேறென்ன?

ஆனால் இதற்காக மானைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கோட்டை அமைந்திருக்கும் நிலமோ மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த முனை. நான்காவது பக்கம் நகரம். காட்டில் ஒரு மான்கூட்டம் ஓரிடத்தில் சில நாள் மேய்ந்து, தண்ணீர் வற்றினாலோ சிறுத்தையின் வாடை பட்டாலோ இடம் மாறிவிடும். அது போன பிறகு அந்த இடத்துக் கன்றுகள் மூச்சுவிட்டுக்கொள்ளும். கோட்டை மான்களுக்குப் போக இடமில்லை. அவற்றைத் துரத்தும் சிறுத்தையும் இல்லை. அதனால் ஒரே தரையில் ஆண்டு முழுவதும் அவற்றின் வாய் பட்டுக்கொண்டே இருக்கிறது, கன்றுகளுக்கு ஓய்வு கிடைப்பதே இல்லை.

பிடித்து இடம் மாற்றுவதை நான் ஆதரிக்க மாட்டேன். புள்ளிமான் மிகவும் மிரளும் சாதி. பிடிக்கும்போதும் ஏற்றிச் செல்லும்போதும் ஏற்படும் அச்சத்திலும் தசைச் சிதைவிலும் பல இறந்துவிடக்கூடும். சட்டத்தின் பாதுகாப்பு பெற்ற விலங்கு என்பதால், வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியின்றி எவரும் அதில் கை வைக்கவும் கூடாது. நீங்கள் செய்யக்கூடியது வேறு. நூறு கன்றுக்குப் பதிலாகப் பத்துக் கன்று நடுங்கள். அவற்றை நாற்றுமேடையிலேயே இடுப்பளவு வளர்த்து எடுங்கள். ஒவ்வொன்றையும் ஆளுயரக் கம்பிக் கூட்டுக்குள் வைத்து, நுனிக்குருத்து மானின் எட்டுதலைத் தாண்டும்வரை கூட்டை எடுக்காதீர்கள். நுனி தப்பிவிட்டால் பக்கக் கிளைகளை மான் தின்றாலும் மரம் எழுந்துவிடும். யாத்திரிகர் வீசும் பொலித்தீன் பைகளை அங்கே கண்ட இடத்தில் பொறுக்கி எடுத்துவிடுங்கள். உணவின் மணம் பட்ட பையையும் மான் விழுங்கிவிடும், அது குடலை அடைத்துக் கொல்லும்.

கேள்வி: சென்ற போகத்தில் யானைக்கூட்டம் எங்கள் வயலை ஒட்டிய காட்டில் ஏராளமான மரங்களை முறித்துத் தள்ளியது. யானை காட்டை வளர்க்கிறது என்று என் மகள் பாடப்புத்தகத்தில் படிக்கிறாள். கண்ணால் பார்ப்பதை நம்புவதா, புத்தகத்தை நம்புவதா? (கந்தளாய் விவசாயி)

இரண்டையும் நம்பலாம், ஐயா. யானை முறிப்பதும் உண்மை, வளர்ப்பதும் உண்மை. எந்த இடத்தில் எத்தனை யானைகள் எவ்வளவு காலம் நிற்கின்றன என்பதைப் பொறுத்தே இரண்டில் எது மிகும் என்பது அமைகிறது.

வளர்ந்த யானை ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 கிலோகிராம் தாவரங்களைத் தின்கிறது. உண்பதில் பாதிக்கும் குறைவாகவே அதற்குச் செரிக்கிறது. மீதி, ஓரிரு நாளில், சில கிலோமீற்றர் தள்ளி, ஈரமும் உரமும் சேர்ந்த இலத்தியாகக் கீழே விழுகிறது. அதனுள்ளே விதைகள் இருக்கின்றன. விளாம்பழத்தின் ஓட்டை உடைக்க நமக்கே கல் வேண்டும். காட்டில் அந்தப் பழத்தை முழுதாக வாயில் போட்டு நொறுக்கி, விதையைத் தாய்மரத்தின் நிழலுக்கு அப்பால் கொண்டுபோய்ச் சேர்க்கும் விலங்குகளில் யானைதான் பெரியது. 'வேழம் உண்ட விளங்கனி' என்ற வழக்கை நீங்கள் கேட்டிருப்பீர்கள். யானை விழுங்கிய விளாம்பழம் ஓடு உடையாமல், உள்ளே வெறுமையாக வெளிவரும் என்று அதற்குப் பொருள் சொல்வோர் உண்டு. வேழம் என்பது விளாம்பழத்தைத் தாக்கும் ஒரு நோயின் பெயர் என்றும் புலவர்கள் விளக்கியிருக்கிறார்கள். எனக்கு இந்த இரண்டாவது விளக்கமே சரியெனப் படுகிறது; ஏனெனில் காட்டுப்பாதையில் கிடக்கும் இலத்தியை ஒரு குச்சியால் கிளறினால் உடைந்த ஓட்டுத் துண்டுகளும் முழு விதைகளும் தனித்தனியே கிடக்கின்றன. மழை விழுந்து இரண்டு வாரத்தில் அதே இலத்தியின் மேல் விளா முளைகள் நெருக்கமாக எழும்பி நிற்பதைக் காணலாம்.

இலத்தி விதைக்கு மட்டும் உதவுவதில்லை. சாணவண்டுகள் அதை உருட்டிப் புதைக்கும்போது சில விதைகளும் சேர்ந்து மண்ணுக்குள் போகின்றன. எலியின் வாய்க்கு அவை தப்பிவிடுகின்றன. நம் நாட்டின் தென்கிழக்கில் செய்யப்பட்டு 2009இல் வெளியான ஓர் ஆய்வு, வறண்ட காலத்தில் யானை இலத்திக் குவியலுக்குள் மூன்று இனத் தவளைகள் ஒதுங்கியிருந்ததைப் பதிவு செய்தது. உயிர்ப் பல்வகைமை என்று நாம் பெரிதாகச் சொல்வது இப்படி ஒரு சாணக்குவியலின் ஈரத்திலும் இருக்கிறது.

இனி முறிப்பதைப் பார்ப்போம். நெருக்கமான காட்டில் யானை ஒரு மரத்தைச் சாய்த்தால் அங்கே வெயில் இறங்குகிறது. நிழலில் பல ஆண்டுகள் முழங்கால் அளவிலேயே காத்துநின்ற கன்றுகளுக்கு அந்த வெயில் தேவை. புல்லும் கொடியும் பற்றையும் எழுகின்றன. அவற்றைத் தேடி மானும் மரையும் முயலும் வருகின்றன. இதில் நம்மவர் பலர் கவனிக்காத ஒன்று உண்டு: முதிர்ந்த உயர்காட்டில் யானைக்குத் தீனி குறைவு. பாலையும் வீரையும் முதிரையும் அடர்ந்து நிற்கும் காட்டைவிட, காட்டை வெட்டி எரித்துச் செய்யும் சேனைப் பயிர்ச்செய்கை கைவிடப்பட்டு ஐந்தாறு ஆண்டான பற்றைக்காடும் வற்றிய குளத்தின் புல்தரையுமே அதற்கு நல்ல மேய்ச்சல் நிலங்கள். வரட்சி மாதங்களில் மின்னேரியாவிலும் கவுடுல்லையிலும் நூற்றுக்கணக்கில் யானைகள் கூடுவது குளத்து நீர் பின்வாங்கிய இடத்தில் முளைக்கும் பசும்புல்லுக்காகத்தான். உங்கள் கந்தளாயும் அந்தப் பெரும் மேய்ச்சல் வட்டத்தின் ஓரத்திலேயே இருக்கிறது.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு இலங்கையில் 5,879 யானைகள் இருப்பதாகக் காட்டியது. இந்த யானைகளில் பெரும்பகுதி மனிதர் வாழும் நிலத்தையும் பயன்படுத்துகின்றன. எல்லாவற்றையும் பூங்காக்களுக்குள் ஓட்டி மின்வேலியால் அடைத்துவிடலாம் என்ற எண்ணம் பல ஆண்டுகள் செயற்படுத்தப்பட்டது. தெற்கில் அவ்வாறு அடைக்கப்பட்ட கூட்டங்கள் எலும்பும் தோலுமாய் மெலிந்தன, குட்டிகள் இறந்தன, அடைக்கப்பட்ட காடும் மொட்டையானது. இரண்டு பக்கமும் காடாக இருக்கும் இடத்தில், வனத் திணைக்களத்தின் நிலத்துக்கும் வனசீவராசிகள் திணைக்களத்தின் நிலத்துக்கும் இடையிலான எல்லைக்கோட்டைப் பின்பற்றி வேலி போடுவதால் யானைப்பாதைதான் வெட்டுப்படுகிறது. ஊரையும் வயலையும் சுற்றி வேலி போடுவது முற்றிலும் வேறு விடயம். அதை நான் மனதார ஆதரிக்கிறேன். அறுவடை வரை நின்று முடிந்தபின் கழற்றி வைக்கக்கூடிய வயல் மின்வேலிகள் நாட்டின் சில பகுதிகளில் நல்ல பயன் தந்திருக்கின்றன. போகத்தில் உங்கள் நெல் காப்பாற்றப்பட வேண்டும். போகம் முடிந்ததும் அந்த அரிதாளில் யானை நடந்து அடுத்த காட்டுக்குப் போகவும் முடிய வேண்டும். அப்படிப் போக முடிந்தால் உங்கள் வேலியோரக் காடு முறிந்த இடத்திலேயே துளிர்க்கும்.

கேள்வி: தலைமுறை தலைமுறையாக எங்கள் பட்டி மாடுகள் காட்டிலும் ஆற்றோர வெள்ளத் தாழ்நிலமான வில்லிலும் மேய்ந்து வந்திருக்கின்றன. இப்போது மாடுதான் காட்டை அழிக்கிறது என்கிறார்கள். இது நியாயமா? (வெருகல் பகுதி வாசகர்)

உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. மகாவலியின் வெள்ளம் வடிந்து உருவாகும் வில்லுகளின் புல்தரை மாட்டுக்கும் எருமைக்கும் யானைக்கும் பொதுவான மேய்ச்சலாகவே இருந்துவந்தது. 1986இல் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்ட சோமாவதிப் பக்கமும் அத்தகைய நிலமே. வில்லுப் புல் வெள்ளத்தோடு புதுப்பிக்கப்படுவது, மேய்ச்சலைத் தாங்கக்கூடியது. அங்கே மாடு நிற்பதையும் மரக்காட்டுக்குள் மாடு நிற்பதையும் ஒன்றாகப் பேசுவது தவறு.

மரக்காட்டில் சிக்கல் காலக்கணக்கில் இருக்கிறது. மாரிப் போகம் தொடங்கும்போது வயலைக் காப்பதற்காக மாடுகளை வயற்பரப்பிலிருந்து வெளியேற்றிக் காட்டுப்பக்கம் கொண்டுபோவது நமது மாவட்டத்து வழக்கம். ஐப்பசியில் வடகீழ் பருவக்காற்று மழை இறங்குகிறது. கார்த்திகை, மார்கழியில் காட்டுத் தரையில் அவ்வாண்டு விதைகள் எல்லாம் முளைவிடுகின்றன. இரண்டிலை, நான்கிலைப் பருவத்தில் அந்த முளைகள் தரையில் நிற்கும் அதே மாதங்களில்தான் நூற்றுக்கணக்கான மாடுகளும் அங்கே நிற்கின்றன. தின்னாததை மிதித்துவிடுகின்றன. நெல் வெட்டிய பின்னர் அவை வயலுக்குத் திரும்பும்போது, அந்த ஆண்டின் பிள்ளை மரங்கள் முடிந்துபோயிருக்கும். மானும் யானையும் நடமாடும் காட்டில் இழப்பு இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பரவுகிறது. பட்டி அடைத்த இடத்தைச் சுற்றியோ அது ஒரே இடத்தில் குவிகிறது.

இதைவிடக் கொடியது தீ. வரட்சியில் புதுப்புல் துளிர்க்கட்டும் என்று வைக்கும் நெருப்பு, மாட்டின் வாய்க்குத் தப்பிய கன்றையும் எரித்துவிடுகிறது. தொடர்ந்து சில ஆண்டு எரிந்த இடத்தில் இலுக்குப் புல் பிடித்துக்கொள்கிறது. முற்றிய இலுக்கை மாடுகூட விரும்பித் தின்பதில்லை. மேய்ச்சலுக்காக வைத்த தீ மேய்ச்சலையே கெடுப்பதை உங்கள் ஊர் மூத்தவர்கள் அறிவார்கள்.

மாடு வளர்ப்போரைக் குற்றவாளிகளாக நிறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. மேய்ச்சல் தரைகள் குடியேற்றத்துக்கும் பயிர்ச்செய்கைக்கும் போய்விட்ட பிறகு மாட்டுக்குக் காட்டைத் தவிர வேறு எங்கே போக வழி? எல்லை குறித்த மேய்ச்சல் தரைகளை மீட்டுத் தருமாறு நீங்கள் கேட்பது நியாயமான கோரிக்கை. அது கிடைக்கும்வரை உங்கள் கையிலேயே உள்ள ஒன்றைச் செய்யலாம்: பட்டியை ஆண்டுதோறும் ஒரே இடத்தில் அடைக்காமல், காட்டோரத்தைப் பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதிக்குத் தொடர்ந்து சில மாரிக்காலம் மாடு போகாதபடி பாருங்கள். அங்கே எழும் கன்றுகள் மாட்டின் தலைக்கு மேலே போனபின் அடுத்த பகுதியை ஓய்வு விடலாம்.

கேள்வி: மானும் யானையும் இல்லாவிட்டால் காடு இன்னும் செழிப்பாக வளரும் அல்லவா? (உயர்தர மாணவி, மூதூர்)

நல்ல கேள்வி, மகளே. இதை அறிய ஆய்வாளர்கள் கையாளும் வழி மிக எளியது. காட்டில் ஒரு சதுர நிலத்தை விலங்கு நுழையாமல் வேலியிட்டு, பக்கத்திலேயே அதே அளவு நிலத்தைத் திறந்து விட்டு, இரண்டிலும் கன்றுகளை ஆண்டுதோறும் எண்ணுவார்கள். கென்யாவின் லைக்கிப்பியாவில் 1995இல் தொடங்கிய அத்தகைய வேலிச் சோதனை பல பத்தாண்டுகளாகத் தொடர்கிறது. தொடக்கத்தில் வேலிக்குள் கன்றுகள் கூடுவது பொதுவாகக் காணப்படுவது. பிறகோ வேகமாக வளரும் சில இனங்கள் மற்றவற்றை நெருக்கி மூடிவிடுவதும் உண்டு. விலங்கு சுவையான இனத்தை மிகுதியாகக் கடிப்பதால், அதன் ஆதிக்கம் குறைந்து மெதுவாக வளரும் இனங்களுக்கு இடம் கிடைக்கும் காடுகள் இருக்கின்றன. அதே கடி அளவு மீறினால் கசப்பும் முள்ளும் பாலும் உள்ள இனங்கள் மட்டுமே எஞ்சும் காடுகளும் இருக்கின்றன.

மீறினால் என்ன ஆகும் என்பதற்கு அந்தமான் தீவுகளைப் பார். அங்கே புள்ளிமான் இயற்கையில் இருந்ததில்லை. ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்டனர். அதை வேட்டையாடும் பெருவிலங்கும் அங்கில்லை. மான் பெருகிய தீவுகளில் காட்டின் கீழ்த்தட்டு வெறிச்சோடியது. தரையிலும் தாழ்ந்த செடிகளிலும் வாழும் பல்லி, ஓணான் வகைகளும் குறைந்தன என்று ஆய்வுகள் காட்டின. அந்தமானின் இன்ரர்வியூ தீவில் மரம் வெட்டும் தொழில் நின்றபோது 1962இல் கைவிடப்பட்ட யானைகளும் மானோடு சேர்ந்து பிரம்பையும் தாழையையும் அரிதாக்கிவிட்டன. நம் நாட்டில் அதே புள்ளிமான் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சிறுத்தையோடும் வரட்சியோடும் வாழ்ந்த காட்டுக்குடி. அமெரிக்காவின் யெலோஸ்ரோன் பூங்காவில் ஓநாய்கள் அழிக்கப்பட்டபின் எல்க் மான்கள் ஆற்றோர மரக்கன்றுகளை எழவிடவில்லை. 1995இல் ஓநாய்களைத் திரும்பக் கொண்டுவந்தபின் சில இடங்களில் அவை உயரத் தொடங்கின. இதில் ஓநாயின் பங்கு எவ்வளவு என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். ஆயினும் மேய்வதைக் கட்டுப்படுத்தும் ஏதோ ஒன்று காட்டுக்கு வேண்டும் என்பதில் அவர்களுக்குள் பேதமில்லை.

மறுபக்கத்தையும் நினைவில் வை. மரங்கள் நின்றும் வேட்டையால் விலங்குகள் ஒழிந்துபோன காட்டை உயிரியலாளர் கென்ற் ரெட்ஃபோர்ட் 1992இல் 'வெறுங்காடு' என்ற பொருளில் பெயரிட்டு எழுதினார். அங்கே பழம் தாய்மரத்தின் அடியிலேயே விழுந்து அழுகும். தமிழ்நாட்டின் முதுமலையில், நெல்லிக்கனியைத் தின்ற புள்ளிமான்கள் அசைபோடும்போது கொட்டையை வேறிடத்தில் துப்பிவிடுவதை ஆய்வாளர் பதிவு செய்தனர். கன்றைக் கடிக்கும் அதே மான்தான் நெல்லிக்கு வழித்துணையாகவும் இருக்கிறது.

கேள்வி: எங்கள் பாடசாலைக்குப் பின்னாலுள்ள தரிசு நிலத்தில் காட்டுமரம் வளர்க்க விரும்புகிறோம். முதலில் முட்பற்றைகளை வெட்டித் துப்புரவாக்க வேண்டுமா? (ஆசிரியை, பன்குளம்)

தயவுசெய்து வெட்டாதீர்கள். காரை, சூரை, இலந்தை போன்ற முட்பற்றைதான் நமது காட்டின் நாற்றுமேடை. ஆட்டின் முகமும் மாட்டின் முகமும் நுழையத் தயங்கும் அந்த முள்ளுக்குள்ளே பறவை உட்கார்ந்து எச்சமிடுகிறது, விதை முளைக்கிறது, வெயிலும் அங்கே குறைவு, மண்ணில் ஈரமும் அதிகம். நாயுண்ணி போன்ற வெளிநாட்டுப் பற்றை பரவியிருந்தால் அதை மட்டும், மழைக்கு முன், வேரோடு எடுங்கள். வெளியில் கன்று நட வேண்டுமானால் அதையும் முட்பற்றையின் விளிம்பிலேயே நடுங்கள்.

தொடங்குவதற்கு முன் மாணவரை ஒரு காலையில் அழைத்துப் போய், ஒவ்வொரு பற்றையையும் நீண்ட கவைக்கம்பால் மெல்ல விலக்கி உள்ளே பார்க்கச் சொல்லுங்கள். சென்ற தையில் நான் அப்படி ஒரு சூரைப் பற்றையை விலக்கினேன். வெளியே அரை அடி உயரப் புல்லும் மேய்ந்து மொட்டையாகியிருந்தது. உள்ளே, முழங்கால் உயரத்தில், நுனி சற்று உள்வாங்கிய தடித்த இலைகளோடு இரண்டு பாலைக் கன்றுகள் நின்றன. காம்பைக் கிள்ளியதும் பால் வடிந்தது. அவற்றுள் பெரியதன் ஒரு கிளை முள்ளுக்கு வெளியே நீண்டிருந்தது. நீண்ட அளவுக்கு அதன் நுனி நார்நாராகக் கிழிந்திருந்தது. நடுக்குருத்து முள்ளின் உள்ளேயே நேராக மேலே போய்க்கொண்டிருந்தது.